சார்ஜ் போட்டா எவ்வளவு ஓடும்?

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டில் ஒன்று கட்டாயம் கண்ணில் படும். ஒன்று இன்ஜினியரிங் காலேஜ். மற்றொன்று, வாசலில் செயற்கை அருவி கொட்டும் வில்லா கம்யூனிட்டி. இரண்டுக்கும் பின்பக்கம் போனால் ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய ஓர் உருவம் நிற்கும். தூக்கிப் பாருங்கள், கோல்ஃப் கார்ட். ஒருகாலத்தில் சேர்மன் பவனி வந்த சீட்டில் இப்போது பூனை குட்டி போட்டிருக்கும்.

அதைத்தான் படப்பை புரோக்கர் ஒருவர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். “கண்டிஷன் ஏ-ஒன் சார். கேம்பஸ்குள்ளயே ஓடின வண்டி, வெளியவே போனதில்ல. ஒரு சார்ஜ் போட்டா எண்பது கிலோமீட்டர் அசால்ட்டா அடிக்கும்.” வெளியவே போகாத வண்டி எண்பது கிலோமீட்டர் எங்கே அடித்தது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். புரோக்கருக்கு அது தெரியும்.

அவர் மேல் கோபம் வேண்டாம். அந்த ‘எண்பது கிலோமீட்டர்’ அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. நூற்றிருபது, நூற்றிமுப்பது வருஷமாகக் கைமாறி வரும் பரம்பரைச் சொத்து. அந்த வம்சத்தில் தாமஸ் ஆல்வா எடிசன் இருக்கிறார், சிவப்புத் தாடி வைத்த ஒரு பெல்ஜியக்காரர் இருக்கிறார், இங்கிலாந்தில் ‘சர்’ பட்டம் வாங்கியவர் ஒருவரும் இருக்கிறார். படப்பை புரோக்கர் கடைக்குட்டி, அவ்வளவுதான்.

எடிசன் என்றால் அவரேதான். ரயிலில் பேப்பர் விற்ற சிறுவன், பல்பு, ஃபோனோகிராஃப் என்று நமக்குப் பாடம் நடத்தினார்களே, அந்த எடிசன். 1883இல் அவர் பேட்டரியைப் பற்றிப் பத்திரிகைக்காரரிடம் கிழிகிழியென்று கிழித்தார். இது ஷேர் விற்று ஜனங்களை ஏமாற்றும் கருவி, இதில் கைவைத்தவனுக்குள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் பொய்யன் எழுந்துவிடுவான் என்கிற அளவுக்குப் போனார். சத்திய வார்த்தை. 1901இல் ‘எடிசன் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி’ என்று தானே போர்டு மாட்டினார்.

அப்போது சந்தையில் இருந்தது ஈயமும் ஆசிடும் கொண்ட பேட்டரி. 1859இல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. கனம், நாற்றம், துணியில் பட்டால் ஓட்டை. எடிசன், ‘ஈயத்தை விடு, நிக்கலும் இரும்பும் போதும், ஆசிடுக்குப் பதில் காரம்’ என்றார். குதிரைக்கு இனி வேலையில்லை என்று பேப்பர்களில் ஒரே அமளி. ஆய்வகத்தின் மாடியிலிருந்து பேட்டரியைத் தூக்கிப்போட்டு, உடையாமல் வருகிறதா என்று பார்த்தார்களாம். உடையவில்லை. ஒழுகியது.

கூடவே கெபாசிட்டியும் படுத்துவிட்டது. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இந்த இடத்தில் மனுஷனுக்கு ஒரு சல்யூட் வைக்கத்தான் வேண்டும். கஸ்டமர் கேர் நம்பரைக் கொடுத்து மியூசிக் போட்டுக் காக்க வைக்கவில்லை. உற்பத்தியை நிறுத்தினார், சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார், சொந்தக் காசைக் கொட்டி மறுபடி ஆராய்ச்சியில் இறங்கினார். 1909இல் நிஜமாகவே நல்ல பேட்டரி வந்தது. நிமிர்ந்து பார்த்தால், 1908இலேயே ஃபோர்டின் மாடல்-டி புழுதி கிளப்பிக்கொண்டு போயிருந்தது.

ஹென்றி ஃபோர்டு யார்? டெட்ராய்ட்டில் எடிசன் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்த முன்னாள் ஊழியர். எடிசனைத் தெய்வமாகக் கும்பிட்டவர். பெட்ரோல் காரை ஊருக்கெல்லாம் விற்று மின்சாரக் காரைக் குழியில் தள்ளிய அந்த பக்தரின் மனைவி கிளாரா எதில் போனார் தெரியுமா? டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பேட்டரி காரில். அவருடைய 1914 மாடல் வண்டி இன்றும் மியூசியத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒரு கார், வீட்டுக்கு ஒரு கார்!

மின்சாரக் காருக்கு அந்தக் காலத்தில் ஒரு பெரிய பிளஸ் இருந்தது. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அது எதிர்த்துச் சுழன்றால் கை எலும்பு காலி. பேட்டரி காரில் ஏறி உட்கார்ந்து போகவேண்டியதுதான். 1912இல் காடிலாக் கம்பெனி செல்ஃப் ஸ்டார்ட்டர் போட்டது, அந்த பிளஸ்ஸும் போச்சு. செல்ஃப் ஸ்டார்ட்டரைச் சுற்றியது எது? பேட்டரி. போட்டியில் தோற்றவர், ஜெயித்தவர் வீட்டு வாசலிலேயே செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இன்றுவரை ரிசைன் பண்ணவில்லை.

இப்போது சிவப்புத் தாடி. பெயர் கமீல் ஜெனாட்சி, செல்லப் பெயர் ‘செந்நிறச் சாத்தான்’. பாரிஸ் பக்கம் மின்சார வண்டி விற்க வந்தவர். அங்கே ஏற்கெனவே சஸ்லூ-லோபா என்ற பிரபு, வேறு கம்பெனியின் மின்சாரக் காரில் 1898 டிசம்பரில் மணிக்கு 63 கிலோமீட்டர் ஓட்டி, உலகிலேயே வேகமானவர் தான் என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஜெனாட்சிக்குப் பொறுக்குமா? அடுத்த மாதமே முந்தினார். பிரபு திரும்ப முந்தினார். இவர் மறுபடி. அவர் மறுபடி. இருவர் வீட்டிலும் ‘போதும்ப்பா’ என்று சொல்ல ஆளே இல்லை.

1899 ஏப்ரல் 29. ஜெனாட்சி ஏவுகணை மாதிரி ஒரு வண்டியோடு வந்தார். காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று இரண்டு முனையும் கூராகச் செதுக்கிய மெல்லிய உலோக உடம்பு. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, டிரைவர் எங்கே உட்கார்ந்தார்? அதன் உச்சியில், இடுப்புக்கு மேலே முழு உடம்பும் வெளியே தெரிய, தாடி பறக்க. காற்றைக் கிழிக்கச் செய்த வண்டிமேல் காற்றைத் தடுக்க ஓர் ஆள். இருந்தும் மணிக்கு 105.88 கிலோமீட்டர். தரையில் நூறைத் தாண்டிய முதல் கார் பேட்டரி கார்தான்.

எத்தனை கிலோமீட்டர் தூரம் ஓடியது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ரெக்கார்டுக்கு அளந்தது ஒரே ஒரு கிலோமீட்டர்தான்.

அவருடைய முடிவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. 1913இல் நண்பர்களை வேட்டைக்கு அழைத்திருந்தார். ராத்திரியில் வேடிக்கை காட்டலாம் என்று புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மிருகம் மாதிரி உறுமினார். பிரமாதமாக உறுமியிருக்க வேண்டும். நண்பர் சுட்டுவிட்டார்.

சரி, வேகத்தை விடுங்கள். வாடகை வண்டி? 1897 ஆகஸ்டில் லண்டன் தெருக்களில் வால்டர் பெர்சி என்ற இளைஞர் மின்சார டாக்ஸி விட்டார். சின்னதாக ரீங்காரம் செய்ததால் ‘ஹம்மிங்பேர்டு’ என்று கொஞ்சினார்கள். எடை இரண்டு டன். கொஞ்சின பறவை உட்கார்ந்த வேகத்தில் டயர் தேய்ந்தது, குலுக்கலில் பேட்டரி நொறுங்கியது, இரண்டே வருஷத்தில் கடை மூடியாயிற்று. ஆனால் அதற்குள் ஒரு சாதனை. செப்டம்பர் 10ஆம் தேதி ஜார்ஜ் ஸ்மித் என்ற டிரைவர் நன்றாக ஏற்றிக்கொண்டு, இந்த டாக்ஸியை பாண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடத்தில் விட்டார். அபராதம் கட்டினார். காரில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களில் உலகிலேயே முதல் ஆள் அவர்தான் என்கிறது வரலாறு.

இரண்டு வருஷம் கழித்து, 1899 மே 20, நியூயார்க். ஜேக்கப் ஜெர்மன் என்ற டிரைவரை அதிவேகத்துக்காகப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அதுவும் மின்சார டாக்ஸிதான். வேகம் மணிக்கு பன்னிரண்டு மைல். துரத்திப் பிடித்த போலீஸ்காரர் வந்தது சைக்கிளில். இன்றைக்கு அதே வேகத்தில் குரோம்பேட்டையைக் காலை ஒன்பது மணிக்குக் கடந்தால் ஊரே திரண்டு மாலை போடும்.

‘சர்’ பட்டக்காரர் கிளைவ் சின்க்ளேர். ஸ்பெக்ட்ரம் என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வீட்டுக்கு வீடு கொண்டுபோன மேதை. 1985 ஜனவரியில் சி5 என்ற மூன்று சக்கர பேட்டரி வண்டியை அறிமுகப்படுத்தினார். விலை 399 பவுண்டு. படுத்தவாக்கில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், மேலே கூரை கிடையாது. இங்கிலாந்தில். ஜனவரியில். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேட்டரிக்குக் குளிர் ஆகாது, மேடேறாது. அதற்காகத் தொலைநோக்கோடு பெடல் வைத்திருந்தார். பதினாலாயிரம் வண்டி செய்து, ஐயாயிரம் போல விற்று, அதே வருஷத்தில் கம்பெனி திவால். கூரையில்லாத மின்சார சைக்கிளை முழு விலைக்கு வாங்கிய அந்த ஐயாயிரம் பேரைத்தான் நான் மேதைகள் என்பேன்.

வெள்ளைக்காரனைப் பார்த்து ரொம்பச் சிரிக்காதீர்கள், நம்மூர் கதை வருகிறது. 1895 மே 7ஆம் தேதி மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல். லண்டன் டிராமையே அப்போது குதிரைகள்தான் இழுத்துக்கொண்டிருந்தன. அங்கே மின்சார டிராம் வர 1901 ஆயிற்று. மெட்ராஸ்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய தருணம். தூக்கினான்.

டிராமுக்கு மின்சாரம் எப்படி வந்தது? தலைக்கு மேலே கம்பி போனால் ஊரின் அழகு கெட்டுவிடும் என்று யோசிக்கிற காலம் அது. தண்டவாளங்களுக்கு நடுவே தெருவைப் பிளந்து, பூமிக்கடியில் ஒரு பள்ளம் எடுத்து, அதற்குள்ளே மின்கம்பியை வைத்தார்கள். கண்டியூட் சிஸ்டம். படு நவீனம், படு நேர்த்தி. தெருவெங்கும் திறந்த பள்ளம். உள்ளே கரண்ட். ஊர் மெட்ராஸ். அடுத்து என்ன மாதம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். லண்டனிலிருந்து பிளான் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

வடகிழக்குப் பருவமழை வந்தது, பள்ளம் நிரம்பியது, சிஸ்டம் படுத்தது. பிறகு வேறு வழியில்லாமல், அழகைத் தியாகம் செய்து, தலைக்கு மேலேயே கம்பியைக் கட்டினார்கள். கம்பெனியும் கைமாறியது. அடிபட்ட வண்டியை வாங்கி, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, பார்ட்ஸை மாற்றி ஓட்டுகிற செகண்ட்ஹேண்ட் கலாசாரத்தை இந்த ஊரில் தொடங்கி வைத்தது புதுப்பேட்டை இல்லை, இந்த டிராம்தான். ரிப்பேரும் சாதாரண ரிப்பேர் இல்லை. 1921இல் 97 டிராம்கள், 24 கிலோமீட்டர் பாதை. மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி ரோடு என்று ஊரைச் சுமந்தது. 1953 ஏப்ரல் நடுவில் நஷ்டம் தாங்காமல் ஒரே ராத்திரியில் மூடினார்கள். கடைசியில் அதைக் கொன்றது மழையல்ல, கணக்கு நோட்டு.

டிராமின் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் தாம்பரத்துக்காரர்கள். தென்னிந்திய ரயில்வே 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் விட்டது. பேட்டரி வேண்டாம், பள்ளம் வேண்டாம், மேலே கம்பி, 1500 வோல்ட், சுபம். அந்த மீட்டர்கேஜ் ரயில் 2004 வரை ஓடியது. இன்றைக்கும் அகலப்பாதையில் அதன் வாரிசு ஓடுகிறது, நாம் கதவில் தொங்குகிறோம். ‘ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்’ என்று யாரும் கேட்கத் தேவையில்லாத ஒரே மின்சார வண்டி அதுதான். அதனாலேயே அதற்கு ஒரு விளம்பரமும் இல்லை, ஒரு சாத்தானும் இல்லை.

அங்கேயும் பேட்டரி எட்டிப் பார்த்தது. சரக்கு ரயிலுக்கு என்று வாங்கிய மின்சார இன்ஜின்கள் கம்பி இல்லாத யார்டுக்குள் போக வேண்டுமே? பின்னாலேயே ஒரு பேட்டரி வேகன் இழுத்துக்கொண்டு போயின. ஆக, பவர் பேங்க் கலாசாரமும் தாம்பரம் லைனில் 1930களிலேயே வந்தாயிற்று.

கோல்ஃப் கார்ட் எங்கே என்கிறீர்களா? நடப்பதற்காகவே ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். மெட்ராஸுக்கு வந்த துரைமாரும் கிண்டி ரேஸ்கோர்ஸுக்குள்ளே ஜிம்கானா கிளப் புல்வெளியில் நடந்தார்கள். பையைச் சுமக்கத்தான் ஓர் உள்ளூர் பையன் வேண்டியிருந்தது. பிறகு அமெரிக்கர்கள் அந்த விளையாட்டில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள். நடக்கவேண்டியிருக்கிறது! இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது சிலர் குட்டி மின்சார வண்டிகளைச் செய்து பழகியிருந்தார்கள். அந்த அனுபவத்தோடு கலிபோர்னியாவின் மெர்ல் வில்லியம்ஸ், 1951இல் மார்க்கெட்டியர் கம்பெனி வழியாக மின்சார கோல்ஃப் கார்ட்டைக் கொண்டுவந்தார். 1954இல் ஜார்ஜியாவில் ஈ-இசட்-கோ. அன்றிலிருந்து கோல்ஃப் உடற்பயிற்சி இல்லை.

இங்கேதான் பேட்டரி முதல்முறையாக மானத்தோடு பிழைத்தது. காரணம் எளிது. கோல்ஃப் மைதானத்தில் எண்பது கிலோமீட்டர் போகச் சொல்லி யாரும் கேட்பதில்லை. காலையில் பதினெட்டுக் குழி, சாயங்காலம் பிளக். வண்டலூர் ஜூவில் நம்மைச் சுற்றிக்காட்டுகிற பேட்டரி வண்டி நல்லபிள்ளையாக இருப்பதும் இதனால்தான். சிங்கம் இருக்கிற இடம் மாறுவதில்லை.

அதை மறந்து ரோட்டுக்கு வந்தவர்கள் கதி என்ன? 1993இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்டு’ என்ற இரண்டு பேர் மின்சாரக் கார் வந்தது. எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் கம்பெனி, சாலக்குடியும் நம்ம கோயம்புத்தூரும் பிறந்த வீடு, ஜப்பானின் யாஸ்காவா தொழில்நுட்பத் துணை. ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர் என்றார்கள். அரசாங்க மானியம் கைவிட்டது, காதல் பறவை சிறகை மடித்தது. 2001இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. லண்டன்வரை போய் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் கேலிக்கும் ஆளாகி, விற்கவும் செய்தது. லண்டனுக்கு ஹம்மிங்பேர்டின் ஞாபகம் போய்விட்டது போல.

இனி உங்கள் பூனைக்குட்டி வண்டி. நீங்கள் வாங்கப்போவது சீட்டையும் கூரையையும் அல்ல, பேட்டரியை. அடியில் ஆறோ எட்டோ லெட் ஆசிட் பேட்டரிகள் வரிசையாக, தொடர் இணைப்பில் இருக்கும். கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒருவர் படுத்தால் மற்றவர்களின் சம்பாத்தியமும் அவருக்கே போகும். ‘ஒண்ணே ஒண்ணு வீக் சார், மாத்திட்டா போதும்’ என்பார் புரோக்கர். பழையவற்றின் நடுவே புதிதாக வந்த மருமகளும் சீக்கிரமே அவர்கள் லெவலுக்கு இறங்கிவிடுவாள். மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும். அந்தச் செலவு ஒரு புது ஸ்கூட்டர் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

ஆகவே போகும்போது ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் எடுத்துப் போங்கள். முதல் நாளே முழு சார்ஜ் போட்டு, ராத்திரி முழுக்கச் சும்மா விடச் சொல்லுங்கள். காலையில் ஆறு வோல்ட் பேட்டரி ஒவ்வொன்றும் 6.3க்குக் குறையாமல் காட்டினால் நல்லது. ஹைட்ரோமீட்டரில் செல்லுக்குச் செல் ஆசிட் 1.265ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஒரு செல் மட்டும் தனியே கீழே போனால் அது டெட். புரோக்கர் வானத்தைப் பார்ப்பார். நீங்கள் பேட்டரியின் மேல் பொறித்த தேதியைப் பாருங்கள்.

பிறகு இரண்டு கனத்த மாமாக்களை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். தாம்பரம் ஏரியா தரைமட்டம்தான், ஆனால் பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவு எல்லா அபார்ட்மென்ட்டிலும் உண்டு. ஏறும்போது வோல்ட் தடதடவென்று விழுந்தால் பேட்டரி நடிக்கிறது என்று அர்த்தம். பெடலை மிதித்தால் ‘டக்’ சத்தம் வந்து வண்டி நகராவிட்டால் சாலினாய்டைப் பாருங்கள். உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம். சத்தமே வராவிட்டால் சாவி, மைக்ரோ சுவிட்ச், வயர் என்று சின்னச் செலவாகவும் இருக்கலாம். சார்ஜர் ஆன் ஆகவில்லை என்றால் உடனே சார்ஜரைத் திட்டாதீர்கள். பேட்டரி அடியோடு இறங்கிப்போயிருந்தால் பல சார்ஜர்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டா. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்தாலே சில வண்டிகள் உயிர்த்தெழும். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகாமல் மூடியை இறுக்கிக்கொள்ளுங்கள். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணி கூடவே கூடாது.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வண்டி என்றால் ஒரு கேள்வி எக்ஸ்ட்ரா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இது எங்கே நின்றது? கன்ட்ரோலர் பெட்டியின் உள்மூலையில் சேற்றுக் கோடு தெரிந்தால், டிராம் கம்பெனி பட்டது போதும் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கியபின் ஜி.எஸ்.டி. ரோட்டில் பவனி வரலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே துறந்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் தேவைப்படாத பேட்டரி வண்டி என்றால் மோட்டார் 250 வாட், வேகம் 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். கோல்ஃப் கார்ட் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு. கேட்டுக்குள் ராஜா, கேட்டுக்கு வெளியே கேஸ்.

விலை பேசும்போது பேட்டரி பூஜ்யம் என்று கணக்குப் போட்டுப் பேசுங்கள். பழைய பேட்டரியில் இருக்கிற ஈயத்துக்குக் காயலான் கடையிலும் புது பேட்டரி டீலரிடமும் எடைக்குக் காசு உண்டு. டீலரிடமே கொடுங்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அந்தக் காசை புரோக்கர் தன் கமிஷனில் சேர்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.